பன்னிரண்டு சென்ட் நைலான்

இருபத்தைந்து மீட்டர் விட்டமுள்ள வட்டத் துணியின் பரப்பு ஏறக்குறைய 490 சதுர மீட்டர். திருவனந்தபுரத்தில் இந்தக் கணக்கு எளிதில் மனதில் ஏறாது. சென்ட்டில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு சென்ட். கழக்கூட்டத்துப் பக்கம் அந்த அளவுக்கு மனை இருந்தால் இரண்டு வீடு கட்டி, ஒன்றை டெக்னோபார்க் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாகக் காலத்தை ஓட்டலாம். இஸ்ரோ மனிதர்களை விண்ணுக்கு அனுப்பவிருக்கும் ககன்யான் கலத்தின் முதன்மைப் பாராசூட் ஒவ்வொன்றும் அந்த அளவு. அப்படி மூன்று. கூடவே சிறியதும் நடுத்தரமுமாக இன்னும் ஏழு. இந்தப் பத்தும் முறை தவறாமல் வேலை செய்தால்தான் ஐந்து டன்னை நெருங்கும் கலமும் உள்ளே இருப்பவர்களும் கடலில் பத்திரமாக இறங்க முடியும்.

இந்தப் பாராசூட்டின் சொந்த ஊர் எது என்று கேட்டால் பதில் சொல்வது கொஞ்சம் சிரமம். கலத்தின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு மொத்தத்துக்கும் பொறுப்பு, திருவனந்தபுரத்துத் தும்பாவில் இருக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். துணி தைத்து உருவெடுப்பது ஆக்ராவில். தண்டவாளத்தில் ஓட்டிப் பார்ப்பது சண்டிகரில். விமானத்திலிருந்து தள்ளிப் பார்ப்பது ஜான்சிக்கு அருகே பபீனாவில். மேலே ஏறுவது ஸ்ரீஹரிகோட்டாவில். முடிவது வங்காள விரிகுடாவில். கணக்கு பிறந்த ஊரைத்தான் சொந்த ஊர் என்பதாக இருந்தால், அது திருவனந்தபுரத்துப் பிள்ளை.

தும்பாவுக்குப் பாராசூட் புதிதும் இல்லை. 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி ராக்கெட் ஏறியதையும், மேரி மக்தலேனா தேவாலயம் அலுவலகமாக மாறியதையும், ராக்கெட் பாகத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அந்தப் படத்தையும் எல்லோரும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். அதிகம் பேசப்படாதது எம்-100. சோவியத் நாட்டு வானிலை ராக்கெட். 1970 கடைசியில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல், வாரம் ஒன்று என்ற கணக்கில் தும்பாக் கரையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவை போயிருக்கின்றன. உச்சிக்குப் போனதும் அதன் மூக்குப் பகுதி கழன்று பாராசூட்டில் இறங்கும். இறங்கும்போது வெப்பநிலையை அனுப்பிக்கொண்டே வரும். அது எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் ஒதுங்குகிறது என்று ரேடார் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஒதுங்கலிலிருந்து மேல்வானத்துக் காற்றைக் கணக்கிடுவார்கள். பொருளைக் காப்பாற்றுவதைவிட அளவெடுப்பதுதான் அந்தப் பாராசூட்டின் முதல் வேலை.

மேலே போனதைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற தேவை பிறகு வந்தது. 2007 ஜனவரி 10 அன்று பி.எஸ்.எல்.வி. சி-7 கொண்டுபோன 550 கிலோ எடையுள்ள எஸ்.ஆர்.இ. கலம், பன்னிரண்டு நாள் சுற்றிவிட்டு 22ஆம் தேதி வங்கக் கடலில் விழுந்தது. நீரைத் தொட்டபோது வேகம் விநாடிக்கு 12 மீட்டர். கருவிகளுக்கு அது போதும், மனிதர்களுக்கு அதிகம். அடுத்து 2014 டிசம்பர் 18. எல்.வி.எம்-3 ராக்கெட்டின் முதல் பயணத்தில் 'கேர்' என்ற ஆளில்லாக் கலம் 126 கிலோமீட்டர் உயரத்தில் கழன்று, 31 மீட்டர் விட்டமுள்ள பாராசூட்டுகளின் கீழே அந்தமான் பக்கத்துக் கடலில் இறங்கியது. ககன்யானின் பாராசூட் இந்த இரண்டு பேருக்கும் தம்பி.

ஆக்ரா என்றால் நமக்குத் தாஜ்மஹாலும் பேட்டா இனிப்பும். குதிப்பவர்களுக்கு ஆக்ரா வேறு. விமானப் படையின் பாராசூட் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் பாராசூட் ஆய்வகமான ஏ.டி.ஆர்.டி.இ.யும் அங்கேதான். சிப்பாய் முதுகில் சுமக்கும் பாராசூட், விமானத்திலிருந்து ஜீப் இறக்கும் பாராசூட், போர் விமானம் தரையிறங்கும்போது வாலில் விரியும் பிரேக் பாராசூட் எல்லாமே அந்த ஆய்வகத்தின் வேலை. 2025 அக்டோபரில் மூன்று பேர் 32,000 அடி உயரத்திலிருந்து குதித்து அவர்களுடைய புதிய போர்ப் பாராசூட்டைச் சோதித்தார்கள். மறுமாதமே அதே ஆய்வகத்தின் ககன்யான் பாராசூட் பபீனா வானத்தில் விரிந்தது. முதுகுப்பைக்கும் விண்கலத்துக்கும் பாராசூட் ஒரே இடத்திலிருந்து வருவது தற்செயல் கிடையாது. இரண்டுக்கும் சிக்கல் ஒன்றே.

அந்தச் சிக்கல் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்ததுபோலத் தோன்றும்: விரியாமல் போனால்? அது பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாராசூட் செய்கிறவர்களுக்குத் தினசரித் தலைவலி இன்னொன்று. பாராசூட் விரியத் துடிக்கும் பொருள். காற்று கிடைத்தால் ஒரே நொடியில் முழுதாக விரிந்துவிடும். வயிறு கீழே பார்க்க விழும் மனிதர் மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல் வந்துகொண்டிருக்கிறார். தலைக்கு மேலே துணி சட்டென்று முழுக்கத் திறந்தால் கயிறு அறும், துணி கிழியும், இரண்டும் தாங்கினால் கழுத்து தாங்காது. ஆகவே இருநூறு ஆண்டு காலப் பாராசூட் வரலாற்றில் பாதி, அதைத் தாமதமாக விரிய வைக்கும் வரலாறு.

1797 அக்டோபர் 22 அன்று பாரிஸில் ஆந்த்ரே-ழாக் கார்னெரின் பலூனிலிருந்து கழன்று இறங்கினார். சட்டமில்லாத வெறும் துணிப் பாராசூட். உயிர் பிழைத்தார், ஆனால் வழியெல்லாம் ஊஞ்சலாட்டம். உள்ளே அடைபட்ட காற்று ஒருமுறை இந்த ஓரம், ஒருமுறை அந்த ஓரம் என்று வழிந்தது. உச்சியில் ஓட்டை போட்டால் காற்று நடுவழியே போகும் என்று லலாந்து என்ற வானியலாளர் யோசனை சொன்னார். காற்றைப் பிடிக்கும் துணியில் காற்றுப் போக வழிவிடுவது அங்கே தொடங்கியது. 1930களில் ஜெர்மனியில் மாடெலுங், க்னாக்கே என்ற பொறியாளர்கள் அதை எல்லைக்குக் கொண்டுபோனார்கள். முழுத் துணியே வேண்டாம், நாடாக்களை வளையம் வளையமாக இடைவெளி விட்டுத் தைத்தால் போதும் என்றார்கள். அதிவேகத்தில் முழுத் துணி கிழியும் இடத்தில் நாடாப் பாராசூட் நின்றது. பெரிய பாராசூட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கும் ககன்யானின் 5.8 மீட்டர் ட்ரோக் பாராசூட் இரண்டும் அந்த வம்சம்: கூம்பு வடிவ நாடாப் பாராசூட்.

துணியின் கதையும் ஒரு வரி சொல்லத் தகுந்தது. முதலில் பட்டு. 1935இல் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானைக் கண்டுபிடித்தது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் பட்டு நின்றுபோனதும் நைலான் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1941இல் கான்பூரில் தொடங்கிய பாராசூட் தொழிற்சாலை அந்தப் போரின் குழந்தைதான். இன்று கிளைடர்ஸ் இந்தியா என்ற பெயரில் இருக்கிறது. நைலானின் குணம், அறுவதற்கு முன் நன்றாக நீளும். திடீர் இழுப்பை அந்த நீட்சி கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். அதற்கு ஆகாதது வெயில். புற ஊதாக் கதிர் பட்டுக்கொண்டே இருந்தால் பார்க்க அப்படியே இருக்கும், பலம் மட்டும் போய்விடும். பழைய ஸ்கைடைவிங் பாராசூட் வாங்குகிறவர்கள் எத்தனை முறை குதித்தது என்று கேட்பதோடு, எந்த ஊர் வெயிலில் மடித்தது என்றும் கேட்பது அதனால்தான்.

இப்போது அந்த முதன்மைப் பாராசூட்டின் கீழ் விளிம்பைக் கிட்டத்தில் பார்ப்போம். விளிம்பின் உட்புறத்தில் சிறு சிறு உலோக வளையங்கள் வரிசையாகத் தைத்திருக்கும். அவற்றினூடே ஒரு கயிறு சுற்றி வரும். ஆச்சிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பைக்கு வாயில் நூல் கோத்திருப்பார்களே, அதே ஏற்பாடு. கயிறு இறுகியிருக்கும் வரை பாராசூட்டின் வாய் குறுகியே இருக்கும். உள்ளே போகும் காற்றும் அளவோடு போகும். கயிறு ஓரிடத்தில் ஒரு சின்ன உலோகக் குழாய்க்குள் நுழைந்து வெளியே வருகிறது. குழாய்க்குள் கத்தி ஒன்றும், அதைத் தள்ள மருந்தும், அந்த மருந்துக்குத் திரியும் இருக்கின்றன. பாராசூட் பையிலிருந்து உருவி நீளும்போது அந்த இழுப்பே திரியைப் பற்ற வைத்துவிடும். மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம். திரி எரிந்து முடிந்ததும் கத்தி கயிற்றை வெட்டும், வாய் அவிழும், பன்னிரண்டு சென்ட்டும் விரியும். பபீனாவில் நடந்த சோதனையில் இந்தக் காத்திருப்பு ஏழு விநாடி. தொழிலில் இதை ரீஃபிங் என்பார்கள். பாய்மரக் கப்பலில் பெருங்காற்றுக்குப் பாயைச் சுருக்கிக் கட்டும் வேலையின் பெயர் இங்கே குடியேறிவிட்டது.

ஸ்கைடைவர் தலைக்கு மேலே இருப்பது வட்டமில்லை, செவ்வகம். 1960களில் டொமினா ஜால்பெர்ட் உருவாக்கிய, காற்று நிரம்பி இறக்கையாகும் அறைகள் கொண்ட பாராசூட்டின் வாரிசு. அதுவும் சட்டென்று விரியத்தான் பார்க்கும். அதற்குக் கத்தி இல்லை. ஸ்லைடர் என்ற ஒரு சதுரத் துணி போதும். நாலு மூலையிலும் வளையம், வளையங்களுக்குள்ளே கயிற்றுக் கொத்துகள். விரிய முயலும் பாராசூட் அதைக் கீழே தள்ளும். எதிர்க்காற்று அதை மேலே தள்ளும். இந்த இழுபறியில் மூன்று நான்கு விநாடி கழிந்துவிடும். அந்த மூன்று நான்கு விநாடிதான் கழுத்தைக் காப்பாற்றுகிறது.

கழுத்து என்றதும் ஹெல்மெட்டைச் சொல்லாமல் போக முடியாது. கேரளத்தில் ஸ்கைடைவிங் என்று கேட்டால் வர்க்கலாப் பாறை மேட்டைக் கை காட்டுவார்கள். அங்கே நடப்பது பாராகிளைடிங். ஏற்கெனவே விரிந்த பாராசூட்டோடு மேட்டிலிருந்து ஓடிக் கிளம்புவது. அங்கே ஹெல்மெட், விழுந்தால் மண்டையைக் காக்க. விமானத்திலிருந்து குதிப்பவருக்கு அது மட்டும் போதாது. பாராசூட் விரியும் நொடியில் தலையில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் பெருகும். உடல் தன் எடையைப் போல் நாலு மடங்கு விசையை உணர்கிறது என்றால், ஹெல்மெட்டில் மாட்டிய அரைக் கிலோ கேமரா கழுத்துக்கு இரண்டு கிலோ. முரட்டுத்தனமாக விரிந்து பத்து மடங்கானால் ஐந்து கிலோ, அதுவும் ஒரு பக்கமாக மாட்டியிருந்தால் கழுத்தைத் திருகும் ஐந்து கிலோ. 'தி ஜிப்ஸி மாத்ஸ்' என்ற 1969ஆம் ஆண்டுப் படத்துக்காகக் கார்ல் போனிஷ் தலையில் திரைப்படக் கேமராவைக் கட்டிக்கொண்டு குதித்தார். இன்று அந்த வேலையைச் செய்யும் கோப்ரோ நூற்றைம்பது கிராம் சொச்சம். கார்பன் இழை ஹெல்மெட்டும் கிலோவுக்குள்தான். எடைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

தீராதது கொக்கிச் சிக்கல். பாராசூட்டின் கயிறுகள் விரியும்போது எங்கே வேண்டுமானாலும் வீசியடிக்கும். ஹெல்மெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கேமரா, கேமராவுக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு விரல் சந்து, ஒரு திருகாணி, இவற்றில் ஒரு கயிறு மாட்டினால் தலையில் பாராசூட் தொங்குகிறது என்று அர்த்தம். நல்ல கேமரா ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் ஒரு கயிற்றை எடுத்து அதன் மேல் எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்ப்பார்கள், எங்கே சிக்குகிறது என்று. அடுத்தது, சிக்கினால் ஒரே கையால் ஹெல்மெட்டையே கழற்றி விடும் ஏற்பாடு இருக்கிறதா என்று. படத்தின் தெளிவு, விலை, நிறம் எல்லாம் அதற்குப் பிறகு. இருநூறு முறை குதித்து முடிக்கும் வரை கேமரா கட்டாதீர்கள் என்று அமெரிக்கப் பாராசூட் சங்கம் அறிவுறுத்துகிறது. கேமரா கட்டியவரின் கவனம் படத்தின் மேல் போய்விடும், உயரமானியின் மேல் இருக்காது. என்னைக் கேட்டால் அந்த அறிவுரை ஹெல்மெட் பெட்டியிலேயே பெரிய எழுத்தில் அச்சிடத் தக்கது.

கயிறு கழுத்தில் சுற்றுவது கற்பனைப் பயம் இல்லை. 1959 நவம்பரில் அமெரிக்க விமானப் படையின் ஜோ கிட்டிங்கர் இருபத்து மூன்று கிலோமீட்டர் உயரத்துப் பலூனிலிருந்து குதித்தபோது, நிலைநிறுத்த வேண்டிய சிறு பாராசூட் நேரம் தப்பி வெளியே வந்து, அதன் கயிறு கழுத்தைச் சுற்றியது. பம்பரமாகச் சுழன்று நினைவிழந்தார். தானாகத் திறக்கும் கருவி அவருக்காகப் பாராசூட்டைத் திறந்தது. ஒன்பது மாதம் கழித்து 31 கிலோமீட்டரிலிருந்து மறுபடி குதித்தார். மனிதருக்கு நெஞ்சழுத்தம் அப்படி.

விண்கலத்துக்கும் தலையில் ஒரு சிக்கல் உண்டு. பாராசூட்டுகள் எல்லாம் கலத்தின் உச்சியில் ஒரு மூடிக்குக் கீழே அடைந்திருக்கின்றன. பாராசூட் வெளியே வர மூடி போக வேண்டும். போன மூடி காற்றில் புரண்டு திரும்பி வந்து கயிறுகளில் மோதக்கூடாது. ஆகவே அந்த மூடிக்கென்றே 2.5 மீட்டர் பாராசூட் இரண்டு. பத்தில் முதலில் வெளியே வருபவை அவைதான். மூடியைப் பிடித்துத் தூரமாகக் கொண்டுபோவதோடு அவற்றின் ஜென்மம் முடிந்தது. பிறகு இரண்டு ட்ரோக்குகளையும் மோர்ட்டார் என்ற குட்டிப் பீரங்கி வெடித்துக் கலத்தைச் சுற்றியிருக்கும் கலங்கிய காற்றைத் தாண்டி வெளியே வீசும். ஆட்டத்தை நிறுத்தி, வேகத்தைக் குறைத்துவிட்டு அவையும் கழன்றுவிடும். அடுத்து 3.4 மீட்டர் பைலட் பாராசூட் மூன்று. ஒவ்வொன்றும் ஒரு முதன்மைப் பாராசூட்டைப் பையிலிருந்து உருவியெடுக்கும். ஸ்கைடைவர் கையால் காற்றில் எறியும் சிறு பைலட் பாராசூட்டும் இதையேதான் செய்கிறது. இருவர் சேர்ந்து குதிக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஆடாமல் வரும் ட்ரோக்கும் கலத்து ட்ரோக்கின் சின்ன உருவம்தான்.

மூன்று முதன்மைப் பாராசூட்டில் இரண்டு விரிந்தாலே போதும். இந்தக் கணக்கு ககன்யானுக்கு முன்பே கடலில் நிரூபணம் ஆனது. 1971 ஆகஸ்ட் 7 அன்று அப்போலோ-15 இறங்கியபோது மூன்றில் ஒன்று வாடிச் சுருங்கிவிட்டது. வழக்கத்தைவிட பலமான மோதல், அவ்வளவுதான். மூவரும் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அப்போலோவின் பாராசூட்டும் ஏறக்குறைய இதே இருபத்தைந்து மீட்டர்தான். அந்தக் காலத்தில் அவற்றை மடித்துப் பொதியத் தகுதி பெற்றிருந்தவர்கள் மூன்றே பேர், அவர்கள் ஒரே காரில் போகக் கூடாது என்று நாசா விதி வைத்திருந்தது என்று சொல்வார்கள்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் காப்பாற்றிவிடாது. 1967 ஏப்ரல் 24 அன்று சோயுஸ்-1 கலத்தில் விளாதிமிர் கொமரோவுக்கு மாற்றுப் பாராசூட் இருக்கத்தான் செய்தது. ட்ரோக் வெளியே வந்தது, ஆனால் முதன்மைப் பாராசூட்டை அதன் அறையிலிருந்து இழுக்க முடியவில்லை. மாற்றுப் பாராசூட் வெளியே வந்து, கழலாமல் நின்ற அந்த ட்ரோக்கோடு சிக்கிக்கொண்டது. கொமரோவ் இறந்தார். கெட்டுப்போன முதலாவது வழியை அடைத்துக்கொண்டு நின்றால் இரண்டாவது இருந்தும் பயனில்லை.

முதுகுப்பையில் இந்தப் பாடம் மூன்று வளையமாக உட்கார்ந்திருக்கிறது. 1970களில் பில் பூத் என்ற அமெரிக்கர் செய்தது. தோள்பட்டைக்கு அருகே பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று உலோக வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று மடிந்து கிடக்கும். ஒவ்வொரு வளையமும் சுமையைப் பல மடங்கு குறைத்து அடுத்ததற்குக் கொடுக்கிறது. கடைசியில் ஒரு மெல்லிய நூல் கண்ணி, அதனுள்ளே செருகிய மஞ்சள் நிறக் கம்பி. முழு மனிதர் தொங்கும் பாரத்தை அந்தக் கம்பி பிடித்திருக்கிறது. பிடியை இழுத்தால் கம்பி உருவும், வளையங்கள் பட்டென்று அவிழும், கெட்ட பாராசூட் மொத்தமாகப் போய்விடும். அதன் பிறகுதான் மாற்றுப் பாராசூட். கெட்டது தலைக்கு மேலே இருக்கும்போதே மாற்றைத் திறந்தால் என்னவாகும் என்று சோயுஸ் சொல்லிவிட்டது. குதித்தவர் மயங்கிவிட்டால் கம்பியை யார் இழுப்பது? 1991இல் ஜெர்மனியில் ஹெல்முட் க்ளோத் கொண்டுவந்த சைப்ரஸ் கருவி, 225 மீட்டருக்குக் கீழே வந்த பிறகும் வேகம் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் இருந்தால், மாற்றுப் பாராசூட்டின் பையை மூடியிருக்கும் கண்ணியை வெட்டிவிடும். வெட்டுவது மருந்தால் ஓடும் ஒரு குட்டிக் கத்தி. ககன்யான் பாராசூட்டின் விளிம்பில் இருக்கும் கத்திக்கு நெருங்கிய சொந்தம்.

இதனால்தான் ஸ்கைடைவிங் சாமான் வாங்கப் போகிறவரிடம் அனுபவசாலிகள் பணத்தை எங்கே செலவழிக்கச் சொல்வார்கள் என்றால், மாற்றுப் பாராசூட்டிலும் அந்தக் கருவியிலும். முதன்மைப் பாராசூட் பழையதானாலும் பரவாயில்லை, உடல் எடைக்குப் போதிய அளவு பெரிதாக இருக்கட்டும் என்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஆசை சின்னப் பாராசூட்டின் மேல். வேகமாகப் பறக்கும், அழகாகத் திரும்பும். தரையும் அதே வேகத்தில் வரும் என்பது இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வருகிறது.

இனி அந்தப் பாராசூட்டின் ஊர்சுற்றல். சண்டிகரில் டி.பி.ஆர்.எல். என்ற டி.ஆர்.டி.ஓ. ஆய்வகத்தில் ராக்கெட் தள்ளும் வண்டி ஓடுவதற்கென்றே தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். வானத்தில் கிடைக்க வேண்டிய எதிர்க்காற்றைத் தரையிலேயே வண்டியின் வேகத்தால் உண்டாக்கி, அதில் பாராசூட்டை வீசிப் பார்ப்பார்கள். 2023 மார்ச்சில் மூடிப் பாராசூட்டும் பைலட்டும், ஆகஸ்டில் ட்ரோக்கும் அதில் தேறின.

அதற்கு முன்பே, 2022 நவம்பர் 18 அன்று, பபீனா. ராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சி மைதானம். விமானப் படையின் ஐ.எல்-76 விமானம் கலத்தின் எடைக்குச் சமமாக ஐந்து டன் பொம்மைச் சுமையை இரண்டரை கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் வெளியே தள்ளியது. மூன்றில் ஒன்று விரியவில்லை என்று வைத்துக்கொண்டு இரண்டை மட்டும் மாட்டியிருந்தார்கள். வாய் குறுகலாக ஏழு விநாடி, பிறகு கத்தி, பிறகு முழு விரிவு. எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம். மூன்றாண்டு கழித்து, 2025 நவம்பர் 3 அன்று, அதே இடத்தில் அதே விமானத்தில் இன்னும் கோணலான கேள்வி: இரண்டு பாராசூட்டில் ஒன்றின் கயிறு மட்டும் தாமதமாக வெட்டுப்பட்டால்? ஒன்று முழுக்க விரிந்து மொத்தப் பாரத்தையும் தூக்கும், மற்றது சுருக்குப் போட்டபடியே இருக்கும். சுமை ஒருபக்கம் இழுபடும். விரியாத பாராசூட்டைவிட அரைகுறையாக விரிந்தது ஆபத்து என்று பயிற்றுநர் முதல் நாள் வகுப்பில் சொல்வதுண்டு. அதே கேள்வியை ஐந்து டன்னுக்குக் கேட்டுப் பார்த்து விடை வாங்கிவிட்டார்கள்.

பத்தும் ஒன்றாகப் பறந்த நாள் 2023 அக்டோபர் 21. ஸ்ரீஹரிகோட்டாவில் காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியது வானிலையால் தள்ளிப்போய், பிறகு கடைசி ஐந்து விநாடியில் கணினி நிறுத்திவிட்டது. பத்து மணிக்குக் கிளம்பியது. ஒலியின் வேகத்தைத் தாண்டியதும், ஆபத்து வந்தால் கலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் தப்பிக்கும் மோட்டார்கள் வேலை செய்து கலத்தைத் தனியே இழுத்துப் போயின. ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் கலத்தை விட்டன. மூடி போனது, ட்ரோக் வந்தது, போனது, மூன்று பெரிய பாராசூட்டுகளும் விரிந்தன. கிளம்பி ஒன்பது நிமிடத்துக்குள் கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டரில் கலம் கடலைத் தொட்டது. வேகம் விநாடிக்கு எட்டரை மீட்டர் அளவில். மூன்றரை மீட்டர் உயரச் சுவரிலிருந்து குதிப்பதற்கு நிகர். கடற்படை போய்ப் பார்த்தபோது கலம் தலைகீழாக மிதந்துகொண்டிருந்தது. அந்தச் சோதனைக் கலத்தில் நிமிர்த்தும் ஏற்பாடு வைத்திருக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 24 அன்று சினூக் ஹெலிகாப்டரைக் கொண்டு 4.8 டன் கலத்தை மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, பாராசூட் வரிசை முழுவதையும் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ட்ரோக் திரும்பவும் சண்டிகர் தண்டவாளம் ஏறியது.

கலம் நீரைத் தொட்டதும் பாராசூட்டுக்கு வேலை முடிந்தது. முடிந்த கையோடு அது எதிரியும் ஆகிவிடும். காற்று பிடித்தால் பன்னிரண்டு சென்ட் பாய் கலத்தை அலைமேல் இழுத்துப் போகும். ஆகவே தொட்ட உடனே கயிறுகள் கழல்கின்றன. நனைந்த நைலான் கனக்கும், முழுகும். ஒழுங்காக வைத்துக்கொண்டால் நூற்றுக்கணக்கான குதிப்புகளுக்கு உழைக்கும் ஸ்கைடைவர் பாராசூட்டோடு ஒப்பிட்டால் இது ஒரே குதிப்புப் பிறவி.

இந்தியர் எவரும் இதுவரை இந்தியப் பாராசூட்டில் விண்ணிலிருந்து இறங்கியதில்லை. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோயுஸின் ஒற்றைப் பெரும் பாராசூட்டில் கஜகஸ்தான் புல்வெளியில் இறங்கினார். 2025 ஜூலை 15 அன்று சுபான்ஷு சுக்லா டிராகன் கலத்தின் நாலு பாராசூட்டில் கலிபோர்னியாக் கடலில் இறங்கினார். சுக்லாவும் பாலக்காட்டுப் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயரும் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் அங்கத் பிரதாப்பும்தான் ககன்யானுக்கு என்று 2024 பிப்ரவரி 27 அன்று உலகுக்கு அறிவித்த இடம், அதே தும்பா மையம்.

அவர்களுக்கு முன்னால் போவதற்கென்று ஒருத்தி இருக்கிறாள். வியோமித்ரா, அரை உடல் பெண் ரோபோ. உருவாக்கியது திருவனந்தபுரத்து வட்டியூர்க்காவில் இருக்கும் இஸ்ரோவின் இனெர்ஷியல் சிஸ்டம்ஸ் யூனிட். அவளுக்கு அலுமினியக் கலவையில் ஒரு மண்டையோடு செய்திருக்கிறார்கள். லேசாகவும் இருக்க வேண்டும், ராக்கெட்டின் அதிர்வையும் பாராசூட் விரியும் இழுப்பையும் தாங்கவும் வேண்டும். எடை 800 கிராம். ஒரு நல்ல ஸ்கைடைவிங் ஹெல்மெட் அந்த அளவுதான் இருக்கும். கேமராவை அதன் மேலே மாட்டவில்லை.